முதன்முறையாக ஒயின் பாருக்கு ஆறு பேர்: பில், பாட்டில், தட்டு

கேள்வி இதுதான்: பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை மாலை அலுவலக நண்பர்கள் ஐந்து பேரை ஒயின் பாருக்கு அழைத்துப் போக வேண்டும். கேட்பவர் இதுவரை பீரைத் தாண்டியதில்லை. வருபவர்களில் ஒருவர் சைவம், ஒருவர் மாட்டிறைச்சி தொடாதவர், ஒருவர் மது அருந்தாதவர். எவ்வளவு செலவாகும், என்ன கேட்பது, அசடு வழியாமல் எப்படித் தப்பிப்பது?

சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பக்கம் ஒயின் பரிமாறும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். போவதற்கு முன் ஒயினைப் பற்றி எதையும் விழுந்து விழுந்து படிக்காதீர்கள். "90 வெள்ளிக்குள் ஒரு பாட்டில், இனிப்பு வேண்டாம், புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த மூன்று தட்டுகளோடு குடிக்கப்போகிறோம்" என்று சொல்கிற வாடிக்கையாளர் வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம் (வெள்ளி என்பது இங்கே சிங்கப்பூர் டாலர்). விலை, சுவை, சாப்பாடு ஆகிய மூன்றும் தெரிந்துவிட்டால் மீதியைப் பார்த்துக்கொள்ளத்தான் பரிமாறுபவருக்குச் சம்பளம். விருந்தினர் முன்னால் தொகையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், பட்டியலில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையின் மேல் விரலை வைத்து, "இந்த மாதிரி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவருக்குப் புரிந்துவிடும், மேசையில் வேறு யாருக்கும் தெரியாது.

முதலில் பணக் கணக்கு. பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். ஒன்று 10 விழுக்காடு சேவைக் கட்டணம், மற்றொன்று 2024 முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரி. இந்த வரி, சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வந்த தொகையின் மேல் போடப்படுகிறது. ஆகவே 100 வெள்ளி என்று அச்சிட்டிருப்பது கடைசியில் 119 வெள்ளி 90 காசு. பட்டியலைப் பார்க்கும்போதே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு படியுங்கள். சேவைக் கட்டணம் வாங்கிவிடுவதால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை.

உங்கள் கூட்டத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குடிப்பவர் ஐவர். ஒரு பாட்டில் 750 மில்லி; 150 மில்லி வீதம் ஊற்றினால் ஐந்து கிளாஸ். மூன்று பாட்டில் வாங்கினால் ஆளுக்கு மூன்று கிளாஸ், ஒரு மாலைக்குத் தாராளம். நடுத்தரமான இடத்தில் பாட்டில் 90 வெள்ளி என்று வைத்தால் 270. சீஸ் அல்லது பதப்படுத்திய இறைச்சி அடுக்கிய பலகை இரண்டு, தலா 38 என்றால் 76. சிறு தட்டுகள் ஆறு, தலா 25 என்றால் 150. குடிக்காத நண்பருக்கு இரண்டு பானங்கள், 24. மொத்தம் 520. கூட்டல் குறிகள் இரண்டும் சேர்ந்தபின் 623 வெள்ளி 48 காசு. தண்ணீருக்கும் சில இடங்களில் ஆளுக்கு இவ்வளவு என்று எழுதுவார்கள். உட்கார்ந்தவுடன் கேட்டுவிடுவது நல்லது. கையில் 650 வெள்ளி ஒதுக்கிக்கொண்டு போனால் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

தொகை அதிகமாகத் தோன்றினால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நேரம். பல இடங்களில் மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு எட்டு மணி வரை சலுகை விலை. கிளாஸுக்கு நான்கைந்து வெள்ளி குறையும். மற்றொன்று, உங்கள் பாட்டிலை நீங்களே கொண்டுபோவது. திறந்து ஊற்றித் தருவதற்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கும் இடங்கள் பல உண்டு. ஆனால் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும், பையிலிருந்து திடுதிப்பென்று பாட்டிலை எடுத்து வைக்கக் கூடாது. யாராவது சென்னையிலிருந்தோ வேறெங்கிருந்தோ திரும்பி வருகிறார்கள் என்றால் நல்ல காலம். 18 வயது நிரம்பி, 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டு, மலேசியா வழியாக அல்லாமல் வருபவர் 2 லிட்டர் ஒயின்வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். வேறு மது எதுவும் எடுக்கவில்லை என்றால் இரண்டு பாட்டில் தாராளமாக அதற்குள் அடங்கும்.

அந்தத் தீர்வையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த விலையில் பாட்டில் வாங்குவது என்பதையே அதுதான் தீர்மானிக்கிறது. சிங்கப்பூரில் ஒயினுக்கான கலால் தீர்வை விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. உள்ளே இருக்கும் ஆல்கஹாலை அளந்து, லிட்டருக்கு 88 வெள்ளி என்று விதிக்கிறார்கள். 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பாட்டிலுக்கு இது 8 வெள்ளி 58 காசு. உள்ளே இருப்பது ஆறு வெள்ளி பெறுமானமுள்ள ஒயின் என்றாலும் அதே 8.58, அறுபது வெள்ளி பெறுமானமுள்ளது என்றாலும் அதே 8.58. அதற்குமேல் கப்பல் கூலி, குளிர்பதனக் கிடங்கு, கடை வாடகை. ஆகவே பட்டியலின் அடிமட்டத்தில் இருக்கும் பாட்டிலில் நீங்கள் கொடுக்கும் காசில் ஒயினுக்குப் போவது மிகச் சொற்பம். இருபது வெள்ளி கூட்டிக் கொடுத்தால் அந்தக் கூடுதலில் கணிசமான பங்கு பாட்டிலுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. பட்டியலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஏறி நில்லுங்கள் என்பதே என் பழைய அறிவுரை. அதற்கும் மேலே போவது அவரவர் வசதி. மேலே போகப் போக, பாதி விலை பெயருக்கு.

கிளாஸா, பாட்டிலா? எல்லோரும் ஒன்றையே குடிக்கிறார்கள் என்றால் பாட்டில்தான் லாபம், புதிதாகத் திறந்ததாகவும் இருக்கும். ஆளுக்கொரு சுவை என்றால் கிளாஸ். கிளாஸாகக் கேட்கும்போது "இந்தப் பாட்டிலை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம், நேற்று முன்தினம் திறந்தது என்றால் வேறு சொல்லுங்கள். கொராவின் என்று ஒரு கருவி 2013 முதல் சந்தையில் இருக்கிறது. கார்க்கைப் பிடுங்காமலே மெல்லிய ஊசியைச் செலுத்தி, ஆர்கான் வாயுவை உள்ளே விட்டு, ஒயினை மட்டும் வெளியே எடுக்கும். இதை வைத்திருக்கும் இடங்களில் விலை உயர்ந்த ஒயினைக்கூட 75 மில்லியாக வாங்கிச் சுவைக்கலாம். பதவி உயர்வு உங்களுடையது. மற்றவர்களுக்குப் பாட்டிலைச் சொல்லிவிட்டு, உங்களுக்கு மட்டும் அப்படி ஒன்றைக் கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை.

இடம் என்று பார்த்தால் ஆன் சியாங் ஹில், கிளப் ஸ்திரீட், டக்ஸ்டன் ஹில், தெலுக் ஆயர், கியோங் சைக் சாலை ஆகியவை ஒன்றையொன்று நடந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. எல்லாமே பழைய கடைவீடுகள். உள்ளே குறுகலாக, இரைச்சலாக இருக்கும். வெள்ளிக்கிழமை ஆறு பேருக்கு முன்பதிவு இல்லாமல் போவது வீண் அலைச்சல். முடிந்தால் வியாழக்கிழமைக்கு மாற்றுங்கள் என்பேன். கூட்டம் குறைவு, பரிமாறுபவருக்கு உங்களிடம் பேச நேரம் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு: நம்மவர்களில் பலர் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டார்கள். மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாதவர் என்று நீங்கள் நினைத்திருக்கும் நண்பர், அன்றைக்கு முழுச் சைவமாக வந்து நிற்கலாம். கியோங் சைக் சாலை முனையில் செட்டியார்கள் கட்டிய லயன் சித்தி விநாயகர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, அப்படியே நாலு கடை தள்ளி ஒயின் பாருக்குள் நுழைகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அவரவர் மனம்.

வெளியே ஐந்தடி நடைபாதையில் மேசை தருகிறேன் என்றால், பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' குடிக்க வேண்டும் என்று எங்கோ படித்திருப்பீர்கள். அந்த அறை ஐரோப்பியக் கல் வீட்டின் அறை, 16 முதல் 18 டிகிரி. நம்முடைய மாலைநேரம் 28, 29 டிகிரி. அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினில் ஆல்கஹாலின் நெடி முன்னால் வந்து நிற்கும், பழச்சுவை பின்னால் போய்விடும். வாளியில் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்து கேளுங்கள். வெறும் பனிக்கட்டி பாட்டிலைச் சுற்றிச் சரியாகப் படியாது. சிவப்பு ஒயினைப் பத்து நிமிடம் அதில் வைத்து எடுத்துவிடலாம், வெள்ளை உள்ளேயே இருக்கட்டும். சிவப்பை வாளியில் வைக்கச் சொன்னால் சிரிப்பார்களோ என்று யோசிக்க வேண்டாம். விவரம் தெரிந்த பரிமாறுபவர் உங்களை மதிப்பார்.

அசடு வழிவதைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலோர் தடுமாறுவது ஒரே ஒரு கட்டத்தில்தான். பாட்டில் வருகிறது; பரிமாறுபவர் லேபிளை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். நீங்கள் கேட்டதுதானா, பெயரும் ஆண்டும் சரியா என்று பார்த்துத் தலையசைத்தால் போதும். அங்கேயே திறந்து, ஒரு வாய் அளவுக்கு உங்கள் கிளாஸில் மட்டும் ஊற்றிவிட்டு நிற்பார். மேசையே உங்களைப் பார்க்கும். பிடித்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். கார்க்கை எடுத்து மோந்து பார்க்காதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. கிளாஸின் காம்பைப் பிடித்து, அடியை மேசையிலேயே வைத்து இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூக்கை உள்ளே விட்டு ஒருமுறை இழுங்கள். பழமோ, பூவோ, புகையோ, மண்ணோ எது வந்தாலும் சரி. மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியின் வாடை வந்தால் மட்டும் நிறுத்துங்கள். டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு சேர்மம் கார்க்கிலிருந்து இறங்கியிருக்கிறது. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒயினின் வாசனையை எல்லாம் அது மூடிவிடும். காற்று படப் பட இந்த வாடை கூடுமே தவிரக் குறையாது. சந்தேகமாக இருந்தால், "நீங்கள் ஒருமுறை மோந்து பார்க்கிறீர்களா?" என்று பரிமாறுபவரிடமே கிளாஸை நீட்டுங்கள். கெட்டது என்றால் மறுபேச்சில்லாமல் வேறு பாட்டில் வரும். திருகு மூடி போட்ட பாட்டிலில் இந்தத் தொல்லை அபூர்வம். திருகு மூடி என்றால் மட்டம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஒயின்களில் நல்லவை பல அப்படித்தான் வருகின்றன.

இனி, மூன்று பாட்டிலில் எவை? பீர் பழகிய நாக்குக்கு முதலில் குமிழி விடும் ஒயின் நல்லது. ஷாம்பெயின் வேண்டாம், விலை தாங்காது. ஸ்பெயினின் காவா, பிரான்சின் கிரெமான் இரண்டும் ஷாம்பெயினைப் போலவே பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்க வைத்துச் செய்யப்படுபவை. விலை பாதிக்கும் கீழே. இத்தாலியின் புரோசெக்கோ பெரிய தொட்டியில் நொதிப்பது, இன்னும் எளிமையானது, கொஞ்சம் பழவாசனை கூடியது.

இரண்டாவதாக ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். இதில்தான் நம் நாக்குக்கு விஷயம் இருக்கிறது. இங்குள்ள ஒயின் பார்களில் ஐரோப்பியத் தட்டுகளுக்கு நடுவே சம்பல் தடவிய கணவாய், மிளகாய் போட்ட நண்டு, லக்சா இலை தூவிய ஏதோ ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். காரத்தோடு கெட்டியான சிவப்பு ஒயினை, உதாரணமாகக் காபர்நே சோவினியோனையோ ஷிராஸையோ குடித்துப் பாருங்கள்: நாக்கு எரியும், ஒயின் கசக்கும். அதிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை வறளச் செய்கிறது; 14, 15 விழுக்காடு ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூண்டிவிடுகிறது. ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து வரும் காபினெட் வகை ரீஸ்லிங்கில் ஆல்கஹால் பல நேரம் 8, 9 விழுக்காடுதான். மெல்லிய இனிப்பு காரத்தை அடக்கும், கூர்மையான புளிப்பு எண்ணெயை வழித்துக்கொண்டு போகும். புளி சேர்ந்த உணவுக்குப் புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று போய்விடும்; இது ஈடுகொடுக்கும். இனிப்பு வேண்டவே வேண்டாம் என்பவர் இருந்தால் பட்டியலில் 'ட்ரோக்கன்' என்று எழுதியதைக் கேளுங்கள், அது இனிப்பில்லாதது.

மூன்றாவது, லேசான சிவப்பு. பிரான்சின் போஜொலே பகுதியில் காமே திராட்சையில் செய்வது கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும். சற்றுக் குளிர்ச்சியாகக் குடிக்கலாம், கோழிக்கும் காளானுக்கும் பதப்படுத்திய இறைச்சிக்கும் ஒத்துப்போகும். வாட்டிய ஆட்டிறைச்சி போலக் கொழுப்பும் கனமும் உள்ள தட்டு ஏதாவது சொல்லியிருந்தால் மட்டும் கெட்டியான சிவப்புக்குப் போங்கள். கொழுப்பும் புரதமும் டானினைத் தணித்துவிடும்.

கடைவீட்டு ஒயின் பார்களில் இப்போது 'இயற்கை ஒயின்' என்று ஒரு மோகம் ஓடுகிறது. சேர்மானம் ஏதும் இல்லாமல், வடிகட்டாமல், கலங்கலாக வரும். சிலவற்றில் கள்ளின் வாடைகூட அடிக்கும். நல்லதாக அமைந்தால் அருமை. அமையாவிட்டால், "இது இப்படித்தான் இருக்கும்" என்று விளக்கம் சொல்லி விற்றுவிடுவார்கள். எனக்கு இதில் அரை நம்பிக்கைதான். முதல் தடவை என்பதால் "வழக்கமான, தெளிவான சுவை போதும்" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவிட்டுச் செய்யும் ஆரஞ்சு நிற ஒயினை மட்டும் ஒரு கிளாஸ் சுவைத்துப் பார்க்கச் சொல்வேன். மசாலா உணவுக்கு அந்தத் துவர்ப்பு நன்றாகப் பொருந்துகிறது.

சாப்பாட்டில் உங்கள் சைவ நண்பருக்குத்தான் கண்ணி வெடிகள் அதிகம். உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் இடங்கள் உண்டு. காளான் ரிசோட்டோ கோழிச் சாற்றில் வெந்திருக்கும். சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கிறார்கள். கண்டிப்பான சைவர் அதைத் தொடமாட்டார். "இறைச்சி இல்லையே?" என்று கேட்டால் போதாது; எண்ணெய், சாறு, மீன், சீஸ் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் சமையற்கட்டு ஏதாவது ஏற்பாடு செய்துவைக்கும். ஒயினையே தெளியவைக்க முட்டை வெள்ளைக்கருவோ மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பொருளோ பயன்படுவதுண்டு என்பதையும் அவர் காதில் போட்டுவையுங்கள். வீகன் என்று குறித்த பாட்டிலில் அவை இரா.

மாட்டிறைச்சி தொடாதவருக்கு: டார்டார் என்றால் பெரும்பாலும் பச்சையாகக் கொத்திய மாட்டிறைச்சி. இறைச்சிப் பலகையில் இருப்பது ஏறக்குறைய எல்லாம் பன்றி, ஆனால் பிரெசோலா என்ற கருஞ்சிவப்புத் துண்டு மாடு. பலகையில் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டுதான் கிடக்கும். அவருக்கு அது உறுத்தும் என்றால் தனித் தட்டு கேளுங்கள். குடிக்காத நண்பர் முஸ்லிம் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். மது பரிமாறும் இடத்துக்கு முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் சான்றிதழ் கொடுப்பதில்லை. அவர் உங்களுக்காக வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவதைவிட, இன்னொரு நாள் மதிய உணவுக்கு வேறு இடத்துக்கு அழைத்துப் போவதே மரியாதை. சொந்த விருப்பத்தால் குடிக்காதவர் என்றால் அவருக்கும் காம்பு வைத்த கிளாஸில் நல்ல பானம் ஒன்றை முதல் சுற்றிலேயே சொல்லுங்கள், எல்லோருக்கும் ஊற்றி முடித்தபின் "உங்களுக்குக் கோலாவா?" என்று கேட்காதீர்கள்.

இனிப்புக்கு இடம் இருந்தால், மஸ்கட் திராட்சையில் செய்யும் இத்தாலிய ஒயினான மொஸ்காட்டோ டாஸ்தி. ஐந்து விழுக்காட்டைச் சுற்றித்தான் ஆல்கஹால், லேசான நுரை, நல்ல இனிப்பு. மோந்து பார்த்தவுடன் உங்களுக்கு ஊர் நினைவு வரும்: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

பில்லை மேசைக்கு வரவிடாதீர்கள். வந்தவுடன் அட்டையைக் கொடுத்து வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கடைசியில் ஆறு பேரும் நான் நீ என்று இழுத்துக்கொண்டிருப்பீர்கள். சீன நண்பர்கள் யாராவது 'யாம் செங்' என்று கிளாஸைத் தூக்கி வாழ்த்துக் குரல் எழுப்பினால் சேர்ந்து குரல் கொடுங்கள், ஆனால் ஒயினை ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளாஸ் ஒயினுக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். கார் சாவியை வீட்டிலேயே வையுங்கள்; சட்டத்தின் வரம்பு 100 மில்லி மூச்சில் 35 மைக்ரோகிராம் ஆல்கஹால், மூன்று கிளாஸுக்குப் பிறகு அதோடு விளையாட முடியாது. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் மது அருந்த 2015-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது, ஆகவே கிளாஸைக் கையில் பிடித்தபடி சாலையில் இறங்கிப் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஒயின் பார் தட்டுகளால் எல்லோருக்கும் வயிறு நிறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தெலுக் ஆயர் பக்கம் இருந்தால் லாவ் பா சாட் உணவங்காடி நடக்கும் தூரம்தான். இரவில் பூன் டாட் ஸ்திரீட்டில் மேசை போட்டுச் சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) வாட்டுவார்கள். கோழி, ஆடு, மாடு மூன்றும் கலந்தே தட்டு வருவது வழக்கம் என்பதால் வாங்கும்போதே மாடு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சைவ நண்பருக்கு உள்ளே போய் வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.